கடலூரில் கல்லூரி பார்க்கப் போன ஏழு பேர்

1969ஆம் ஆண்டு ஜூன் பதினாறு, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மேல்காற்று சூளைப் பக்கத்துச் சாம்பலை விருத்தாசலம் பஸ் நிலையம் வரைக்கும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. கடலூர் பஸ்ஸுக்காக நாங்கள் ஏழு பேர் நின்றோம். கல்லூரியில் சேர வேண்டியவன் நான் ஒருவன். மற்ற ஆறு பேர் எதற்கு என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எனக்குப் பதினாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தொண்ணூற்று நான்கு. பி.யூ.சி.யில் கணக்கும் இயற்பியலும் உள்ள பிரிவில் இடம் கிடைத்துவிட்டால் அப்புறம் என்ஜினீயர்தான் என்று இருந்தேன். சேருவதற்கு முன்னால் ஒரு தடவை போய்க் கல்லூரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பாவிடம் சொன்னதும் நான்தான். சும்மா இருந்திருக்கலாம்.

அப்பாவுக்குப் பீங்கான் தொழிற்கூடத்தில் வேலை. எதுவானாலும் தன் அண்ணனைக் கேட்காமல் செய்ய மாட்டார். பெரியப்பாவோ எங்கள் உறவில் பதினொரு கல்யாணம் பேசி முடித்தவர். போய்ப் பார்த்துவிட்டு வருவது என்றால் அவருக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான்.

"பாக்கப் போறதுன்னா ஒத்தப்படையா போவணும். வெறுங்கையோட போவக்கூடாது" என்றார்.

அப்படித்தான் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, அத்தை, அத்தையின் வீட்டுக்காரர், நான் என்று ஏழு பேர் ஆனோம். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கால் கிலோ கற்கண்டு, வைக்கோலில் பொதிந்த ஆறு பீங்கான் கோப்பை.

எட்டு இருபதுக்குக் கல்லூரி வாசலில் இருந்தோம். உள்ளே போகவில்லை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலமாம். வேப்பமரத்தடியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் எங்களைத் தாண்டி உள்ளே போன பையன்களை எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர்.

முதல்வரின் அறையில் பழத்தட்டை அவர் மேஜை மேலேயே வைத்தார் பெரியம்மா. முதல்வர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "என்னங்க, வூட்ல ஏதாவது விசேஷமா?"

"பையனுக்குக் காலேஜு பாக்க வந்தோங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தார் பெரியப்பா. "ஐயாவுக்குப் பூர்வீகம் எதுங்க?"

அங்கே ஆரம்பித்தது. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார், பிள்ளைகள் எத்தனை, கட்டடம் சொந்தமா, சுற்றி இருக்கிற நிலம் யாருடையது. மொத்தம் பதினான்கு கேள்விகள். படிப்பைப் பற்றி ஒன்றுகூட இல்லை. இயற்பியல் சோதனைச்சாலை எங்கே இருக்கிறது என்று கேட்க என் நாக்கு துடித்தது. பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறந்து எனக்குப் பழக்கமில்லை. இதற்குள் அத்தை விடுதிச் சமையற்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பெரியம்மா எழுந்து போய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, "தண்ணி உப்பு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அப்பா முதல்வரின் டீக் கோப்பையைத் தூக்கி நகத்தால் சுண்டி, "இது நம்ம ஊரு சரக்கு இல்லீங்க. விரிசல் இருக்குது" என்றார்.

அந்த மனிதர் பொறுமைசாலி. என் மதிப்பெண் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தார். "கணக்குப் பிரிவுல ரெண்டே எடந்தான் பாக்கி. இருபது ரூபா முன்பணம் கட்டிட்டுப் போங்க, ஒண்ணு இவனுக்கு. நாலு மணி வரைக்கும் வெச்சிருக்கேன்." பிறகு என்னைப் பார்த்தார். "என்னப்பா, வேணுமா?"

நான் பெரியப்பாவைப் பார்த்தேன்.

பெரியப்பா எழுந்து கும்பிட்டார். "ரொம்ப சந்தோஷங்க. ஊருக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்."

"இதுல பேசறதுக்கு என்னங்க இருக்குது?"

"பெரியவங்க நாலு பேரு இருக்கோம் இல்லீங்களா?"

வராந்தாவில் அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, கட்டிட்டே போயிடலாமே. பணந்தான் இடுப்புல இருக்குதே."

அப்பா அண்ணனைப் பார்த்தார். "ஒடனே சரின்னா நாம அலையறோம்னு நெனச்சிக்குவாங்க" என்றார் பெரியப்பா. "ஒரு வாரம் போவட்டும். அவங்களே ஆள் அனுப்புவாங்க பாரு."

கடலூர் வரைக்கும் வந்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் போவதா என்றாள் அத்தை. மணி நான்கு அடித்தபோது நாங்கள் ஏழு பேரும் தேவனாம்பட்டினத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். அலை வந்ததும் பெரியம்மா சிறுபிள்ளை மாதிரி கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏழு நாள் ஆயிற்று. கல்லூரி ஆள் அனுப்பவில்லை. எட்டாம் நாள் பெரியப்பா ஓர் இன்லேண்டு கடிதம் எழுதினார்: தங்கள் கல்லூரி எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, தண்ணீர் ஒன்றுதான் குறை, மற்றபடி சம்மதம். பதிலுக்கு இரண்டு வரியில் ஒரு கார்டு வந்தது. இடங்கள் அன்று மாலையே நிரம்பிவிட்டன.

"பிராப்தம் இல்ல. வுடு, வேற எடம் பாப்போம்" என்றார் பெரியப்பா, வரன் தட்டிப்போனதுபோல. வேறு இடமெல்லாம் அதற்குள் மூடிவிட்டிருந்தது.

அந்த வருஷம் முழுவதும் தொழிற்கூடத்தில் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றினேன். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு டஜன். டஜனுக்கு ஒரு தடவை பெரியப்பாவைத் திட்டினேன், வாய்க்குள்ளேயே. அவர் போய் முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. கோபம் போகவில்லை. ஆனால் அந்த வயதில் ஒன்று எனக்குப் புரிந்திருக்கவில்லை. இடம் வேண்டுமா என்று முதல்வர் அன்றைக்குக் கேட்டது ஒரே ஒரு தடவை, அதை என்னிடம்தான் கேட்டார். பெரியப்பா என் வாயைப் பொத்தவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண்ணைப்போலத் தலையைக் குனிந்துகொண்டது நான்.

அடுத்த ஜூனில், கூலியில் மிச்சம் பிடித்த பணத்தோடு, யாரிடமும் சொல்லாமல் அதே கல்லூரிக்குத் தனியாகப் போனேன். எழுத்தர் பட்டியலைப் புரட்டினார். "போன வருஷம் பாஸா? கணக்கு இந்த வருஷப் பசங்களுக்கே பத்தல தம்பி. வரலாறு வேணா..."

"வேணுங்க" என்றேன், அவர் முடிப்பதற்குள்.

அவர் ரசீது எழுதினார். வரலாற்றுப் பிரிவு. நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு.