பை எண்ணில் தம்பியின் முறை

குடத்தின் வாயோ தண்ணீர் டிரம்மின் மூடியோ, வட்டம் எதுவானாலும் அதன் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் ஒரே எண்தான் வரும். அதற்குப் பை என்று பெயர். மூன்று புள்ளி ஒன்று நான்கு என்று தொடங்கி முடிவில்லாமல் போகும்; எந்த இடத்திலும் பழைய வரிசைக்குள் விழுந்து சுற்றத் தொடங்காது. மாட்டுங்கா கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுவிட்டு, தாராவிச் சந்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் வந்து மூச்சுவிடாமல் சொன்னேன்.

“முடியாதுன்னு எவன் போய்ப் பாத்துட்டு வந்தான்?” என்றான்.

ஆனாலும் அது அவனைப் பிடித்துக்கொண்டது. காலையில் குழாயடியில் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. நான் ஓர் இலக்கம், அவன் ஓர் இலக்கம். தடுமாறியவர் கடைசி கேனைத் தூக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் தூக்கினேன். “புரொபசரம்மா, வழி விடுங்கப்பா!” என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வருவான்.

போன மழைக்காலத்தில், வேலைக்குப் போகும் வழியில், வடாலா பக்கம் லோக்கல் ரயிலின் கதவிலிருந்து விழுந்தான். தலையில் அடி. ஆபரேஷன் முடிந்து கண் திறந்தான். பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் பார்த்துக்கொண்டே இருந்தான். “மூளை எவ்வளவு தப்பியிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது. தாய்மொழியில் பேசிக்கொண்டே இருங்கள், ஏதாவது பதில் வருகிறதா பார்ப்போம்” என்றார் டாக்டர்.

அம்மா திருநெல்வேலித் தமிழில் கெஞ்சினாள், திட்டினாள், கொஞ்சினாள். நான் அவன் காதருகே, “மூணு” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. தினமும் மாலையில் சொன்னேன். அந்தக் கண்களில் ஒரு சலனமும் இல்லை.

ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரர் யாருக்கோ போன் நம்பரை ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சுரீரென்றது. எங்களுக்கு எண் என்றால் ஹிந்திதானே! சண்டையைத் தமிழில் போடுவோம். போன் நம்பர், பஸ் நம்பர் எல்லாம் ஹிந்தி. பையையும் நாங்கள் ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை. டாக்டர் தாய்மொழி என்றதும் நானும் புத்தியில்லாமல் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“தீன்” என்றேன். மூன்று.

உதடு அசைந்தது. “ஏக்.”

ஒன்று. சரி! “ச்சார்” என்றேன், நான்கு.

“ஏக்.”

அதுவும் சரி. அம்மா கட்டிலைச் சுற்றி ஓடி வந்தாள்.

“ஏட்டி, பேசுதாம்ட்டி! யாரு நம்பரு அது? ஏதாவது பொம்பளப் பிள்ள நம்பரா? இருந்தா இருக்கட்டும், போன் போடு, அவளயும் வரச் சொல்லுவோம்!”

“நம்பர் இல்லம்மா, கணக்கு. சும்மா இரு.” அவன் பக்கம் குனிந்தேன். “பாஞ்ச்.”

ஐந்துக்கு அடுத்தது ஒன்பது. நௌ. அதை அவன் தூக்கத்தில்கூடச் சொல்லுவான்.

“ஏக்” என்றான்.

திரும்பவும் ஐந்து சொன்னேன். ஏக். இரண்டு சொன்னேன். ஏக். அவன் பெயரைச் சொன்னேன். அதற்கும் ஏக். அதே பார்வை, அதே குரல். பையில் அவன் முறைக்கு வரும் முதல் இரண்டு இலக்கமுமே ஒன்றுதான். அந்த இரண்டும் அவன் நினைவிலிருந்து வந்தவையா, வாயில் மிஞ்சியிருந்த ஒரே சொல்லா என்று எந்தக் கணக்கு போட்டும் கண்டுபிடிக்க முடியாது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ காலேஜுக்குப் போனா இவங்கிட்ட யாரு கேப்பா? எனக்கும் சொல்லிக் குடுட்டி. நான் என்ன சொன்னா அவன் சரியாச் சொல்லுவான்?”

தீனும் ச்சாரும் மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.