கெண்டைக்காலில் ஒரு கொடி

செயற்கைக் காலின் மீது தையலக்காவுக்கு வந்த முதல் கோபம், அது கச்சிதமாகப் பொருந்திவிட்டதே என்பதுதான். கடிக்கவில்லை, உரசவில்லை, நடக்கும்போது முனகக்கூட இல்லை. குறை சொல்ல ஒன்றாவது இருந்திருக்கலாம். அதைச் செய்து அனுப்பிய நாடுதான் கடைத்தெருவில் குண்டு போட்டு அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது.

“குண்டு போட்டா குறி தப்புது. கால் செஞ்சா மட்டும் அளவு தப்ப மாட்டேங்குதே, எப்படி?” என்று கால் பொருத்துகிறவரிடம் கேட்டாள். ஊரார் அவரைக் கால் டாக்டர் என்பார்கள். அவர் டாக்டர் இல்லை. அப்படி அழைப்பதை அவர் மறுத்ததும் இல்லை. அவர் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினார்.

அந்த நாட்டுப் படை இங்கே வந்தது காப்பாற்றுவதற்காக. யாரை என்பதில் மட்டும் இன்றுவரை ஒத்த கருத்து ஏற்படவில்லை. காப்பாற்றப்பட்டதாக யாரும் முன்வந்து சொன்னதும் இல்லை. கடைத்தெருவில் விழுந்தது தவறுதலாக விழுந்தது என்றும், ஆழ்ந்த வருத்தம் என்றும் வானொலியில் சொன்னார்கள். மின்நிலையத்தின் மேலும் அதே வாரம் தவறுதலாகத்தான் விழுந்தது. படை திரும்பிப் போனபோது அதன் நாட்டுப் பெயர் உலகமெங்கும் நாறியிருந்தது. அந்த நாட்டுச் சுற்றுலாப் பயணிகளே வெளியே போனால் பக்கத்து நாட்டுப் பெயரைச் சொல்லித் தப்பித்தார்களாம். கெட்டுப்போன பெயரைக் கழுவித்தானே ஆகவேண்டும்? கால்கள் வந்தன.

ஒவ்வொரு காலிலும் கெண்டையின் வெளிப்பக்கம், வார்ப்பிலேயே பதித்த சின்னக் கொடி. அதன் கீழே ‘எம் மக்களின் அன்புடன்’ என்று நம் மொழியில், பிழையில்லாமல். கொடி தெரிய ஒரு புகைப்படம் எடுத்துக்கொடுத்த பிறகுதான் கால் நிரந்தரமாகக் கைக்கு வரும். அதுவரை கால் பொருத்தும் இடமாக மாறியிருந்த பழைய பள்ளிக்கூட அறைக்குள், இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும்.

தையலக்காவுக்கு அந்தக் கால் இல்லாமல் முடியாது. அவளுடையது மிதித்துத் தைக்கும் மிஷின். இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தாள். சக்கரம் பின்பக்கம் சுற்றி நூலை அறுத்தது. மோட்டார் வைக்கலாம் என்றால் மின்சாரம் எப்போது வரும் என்பது மின்சாரத்துக்கே தெரியாது. தைக்க வந்த சீருடைத் துணியெல்லாம் மூட்டையாகவே கிடந்தது. மூன்று தெரு தள்ளியிருந்த தையற்கடைக்காரர் அவளுடைய வாடிக்கைகளை நலம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், சமாதானப் பிரியர். ஒரு படத்துக்குச் சிரித்தால் பல்லா கொட்டிவிடும், சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வா என்றார்.

“உங்களுக்கென்ன,” என்றாள் அக்கா. “ரெண்டு கால்ல நின்னுக்கிட்டு பேசறீங்க.”

படம் எடுக்கும் நாளில் ஒரு புகைப்படக்காரரும் ஓர் அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி நம் மொழியை வகுப்பில் கற்றவர். நாம் பரீட்சையில் மட்டும் எழுதுகிற மொழியை அவர் வாயால் பேசினார்.

“அம்மையீர், தாங்கள் சற்றே புன்னகைக்க இயலுமா?”

“சிரிக்கறேன். படத்துக்குக் கீழ என்ன எழுதுவீங்க?”

“எம் மக்களின் நன்கொடை என்று.”

“இந்தக் கால் எப்படி வந்துச்சுன்னு எழுதுவீங்க. அந்தக் கால் எப்படிப் போச்சுன்னு?”

அதிகாரி உண்மையிலேயே யோசித்தார். “அது எமது துறையின் எல்லைக்குள் வராது.”

“குண்டு வேற துறையா?”

“ஆம். அது பாதுகாப்புத் துறை.”

அவர் பொய் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்த கால் டாக்டர் அவசரமாக அவள் காதருகே குனிந்தார்.

“அக்கா, வெளிய உக்காந்திருக்கறவங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. படம் போகலைன்னா அடுத்த பெட்டி வராது.”

வராந்தா பெஞ்சில் தச்சர் ஒருவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், இன்னும் பலரும் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கோபம் தணியும் என்று கால் டாக்டர் எண்ணியிருக்க வேண்டும். தணியவில்லை. காத்திருப்பவர்களைக் காட்டியே தன் வாயைக் கட்டுகிறார்கள் என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

அக்கா உட்கார்ந்து வாரை அவிழ்த்தாள். காலைக் கழற்றி, கொடி கேமராவைப் பார்க்கும்படி நாற்காலியில் நிறுத்தினாள். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து தள்ளி நின்றாள்.

“கொடிதானே வேணும்? எடுத்துக்கோங்க. அதுக்குப் பக்கத்துல என் மூஞ்சி இருக்காது.”

ஏதோ நடக்கப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது இதுதான்: புகைப்படக்காரர் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டார், சுவரில் இருந்த கறையைத் திரைச்சீலையால் மறைத்தார், மண்டியிட்டுப் பல கோணங்களில் சுட்டார். அதிகாரி திரையில் பார்த்துவிட்டு “மிக நன்று” என்றார். அவர்களுக்கு இது இன்னும் வசதி. ஆள் இல்லாத கால் கேள்வி கேட்காது. முகத்தில் அறைந்ததாக நினைத்தாள் அக்கா. அவர்களோ கன்னத்தைத் தடவிக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் ஒற்றைக் காலில் கம்பியைப் பிடித்தபடி தத்திப்போய் நாற்காலியில் இருந்த காலை எடுத்தாள்.

விதிப்படி படம் ஆயிற்று, கால் அவளுடையது. கதவைச் சாத்திவிட்டு கால் டாக்டர் அரத்தை எடுத்துவந்தார். கொடியைத் தேய்த்து எடுத்துவிடலாம், பலருக்கும் ரகசியமாகச் செய்து கொடுத்திருக்கிறேன், அடையாளமே தெரியாது என்றார்.

அக்கா தலையசைத்து மறுத்தாள். “தெரியட்டும்.”

வீட்டுக்கு வந்து முதலில் தைத்தது தன் உடையைத்தான். கெண்டைக்கால் முழுக்கத் தெரியும்படி கீழ்விளிம்பை வெட்டி மடித்து அடித்தாள். இதென்ன கோலம் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, அளவெடுத்துத் தைத்தது என்றாள்.

வாடிக்கைகள் திரும்பி வந்தார்கள். நிவாரண அலுவலகங்களில் வேலை செய்கிற வெளிநாட்டுக்காரர்களும் பொத்தான் தைக்க, கால்சட்டை சுருக்க வந்தார்கள். நாட்டுக்கொரு ஆள். எல்லோருடைய கண்ணும் முதலில் கொடிக்குத்தான் போகும். அவர்களில் ஒரு பெண், அரைகுறையாய்க் கற்ற நம் பேச்சில், இந்தக் கால் அவங்க குடுத்ததா என்று கேட்டாள்.

“ஆமா,” என்றாள் தையலக்கா, உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடி. “எடுத்ததும் அவங்கதான். உங்க ஊர்ல போய் ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க. இப்ப கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்.”