திரைக்குப் பின்னால் ஒரு கொப்பளிப்பு

அளவு கொடுக்க வந்தவர் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். டெய்லர் அக்கா டேப்பை அவர் தோளிலேயே தொங்கவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். உள்ளே களகளவென்று வாய் கொப்பளிக்கும் சத்தம். நீல மவுத்வாஷ் தன் திருப்பணியைச் செய்துகொண்டிருந்தது. கையை இறக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடையில் இது அன்றாடக் காட்சி.

நாற்பது வயதுக்கு மேல் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ளும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. அக்காவுக்கு வந்தது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தவள். "ஒரு தடவையாவது வாயத் தெறந்து சிரிச்சுப் பாக்கணும்ங்க" என்பாள். அதற்காக, நூலைப் பல்லால் கடிக்கும் பழக்கத்தையே விட்டாள். கம்பியில் நூல் சிக்கி, யாரோ ஒருவரின் சட்டைக் காலரும் அவள் வாயும் பிரியாமல் கிடந்த பிறகுதான் விட்டாள் என்பது வேறு விஷயம்.

பிரஷ் மட்டும் அவளுக்கு ஆகாது. வேண்டாத உறவினர் வீட்டில் தலைகாட்டுவது போல, காலையில் பல்லை ஒரு முறை தொட்டுவிட்டு வருவாள். சாப்பிட்டதும் கம்பி இடுக்கில் குட்டி பிரஷ் விட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தார் பல் டாக்டர். நாலு பேர் வந்துபோகும் கடையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதா? கௌரவம் என்ன ஆவது? "கிருமி செத்துடும்னு பாட்டில்லயே போட்டிருக்கே" என்பாள். கொப்பளித்த ஈரம் காயுமுன் பன்னை டீயில் நனைப்பாள். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றும் அதே பாட்டிலில்தான் போட்டிருந்தது. ஊசிக் காதைத் தப்பாமல் பார்க்கும் கண்ணுக்கு அந்த வரி மட்டும் தெரியவில்லை.

ஒரு நாள் டாக்டர் அவள் பல்லில் சிவப்புச் சாயம் தடவிக் கழுவிவிட்டுக் கண்ணாடியை நீட்டினார். அழுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் ஒட்டுமாம். கம்பியைச் சுற்றிச் சிவக்காத இடம் ஒன்றுகூட பாக்கியில்லை. ஈறும் வீங்கியிருந்தது.

"தேய்க்காம வெறும் மவுத்வாஷ் என்னம்மா செய்யும்? அடுத்த தடவையும் இப்படியே வந்தீங்கன்னா கம்பியக் கழட்டிடுவேன்."

பற்கள் வரிசைக்கு வரும் வழியில் பாதிதான் வந்திருந்தன. அக்கா வீடு வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் டீயும் பன்னும் முடிந்தபோது பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் உடுத்திப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி முன் அக்கா நின்று, உதட்டைத் தூக்கிப்பிடித்து, குட்டி பிரஷ்ஷைக் கம்பிக்குள் விட்டாள். துணி தயாரா என்று வாசலில் ஒரு பெண் கேட்டாள். அக்கா வாயை மூடவில்லை. பல்லெல்லாம் தெரிய அவள் பக்கம் திரும்பி, ஒரு விரலை உயர்த்தி, இரு என்று காட்டினாள்.