கேக்குக்காக ஓடிய எஞ்சின்

மலேசியாவில் ஜொகூர் விமான நிலையத்தில் தனியார் ஜெட் விமானங்களைக் கவனிக்கும் ரேம்ப் சூப்பர்வைசராகப் பல வருஷம் இருந்தேன். ஒருநாள் என் வேலை போயிருக்கும். காரணம், ஒரு சாக்லேட் கேக்.

காலை பத்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு ஜெட் வந்தது. இறங்கியவர்கள் ஒரு தமிழ்த் தொழிலதிபரின் மனைவியும் மகளும் மட்டும். இங்கே உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்குப் பினாங்கு கிளம்புவார்கள். அங்கே தாத்தாவுக்குப் பிறந்தநாள் விருந்து.

அவர்கள் போன பிறகும் விமானத்தின் வாலில் இருக்கும் ஏ.பி.யூ. என்கிற சின்ன எஞ்சின் நிற்கவில்லை. அது ஓடினால்தான் உள்ளே ஏர்கோன் குளிரும். பன்னிரண்டு மணிக்கு, பக்கத்து விமானத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த எங்கள் ரோஸ்லி, புகையும் வெயிலும் தாங்காமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை நிழலுக்கு அனுப்பிவிட்டு, அந்த ஜெட்டை ஓட்டி வந்த கேப்டன் தேவனிடம் போனேன்.

“ஆளே இல்லாத ப்ளேனுக்கு எதுக்கு கேப்டன் ஏர்கோன்?”

“உள்ள கேக் இருக்குக்கா. உருகக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்களாம். அஞ்சு மணி வரைக்கும் ஓடட்டும்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க.”

“எங்க பேன்ட்ரி ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்லா.”

“ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலை போயிடும்.”

“நான்தான் எடுத்தேன்னு சொல்லுங்க.”

கேப்டன் எஞ்சினை நிறுத்தினார். கேக்கை நான் பேன்ட்ரிக்கு எடுத்துப் போனேன். ஃப்ரிட்ஜில் என் நெத்திலிச் சம்பல் டப்பா பக்கத்தில்தான் இடம் இருந்தது.

நாலே முக்காலுக்குத் திறந்தால், கேக்கில் சம்பலில் போட்ட பெலாச்சான் இறால் விழுதின் வாசம். டப்பா மூடியை நான் சரியாக மூடவில்லை.

மேடம் வந்ததும் நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேப்டன் பக்கம் திரும்பினார்.

“கேக்குக்காகவா எஞ்சினை ஓட விட்டீங்க?” என்றார் மேடம். “குளிர்ச்சியா வைங்கன்னுதான் சொன்னேன். ஃப்ரிட்ஜ்ல வைப்பீங்கன்னு நெனச்சேன்.”

மகள் குனிந்து மோந்து பார்த்தாள். “தாத்தாவுக்குச் சம்பல்னா உயிரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா.”

மேடம் சிரித்துவிட்டார்.

பன்னிரண்டு சீட்டில் இரண்டு பேரோடும் கேக்கோடும் விமானம் பறந்தது. பினாங்கு போய்ச் சேர்வதற்குள் அது எரித்த எண்ணெயோடு பார்த்தால் நான் மிச்சம் பிடித்தது தூசு. விமானத்தையே நிறுத்த என்னால் ஆகாது. ஆனால் அந்தம்மா கேட்டது ஒரு ஃப்ரிட்ஜ். எஞ்சினை ஓட வைத்தது எங்கள் பயம். அதற்குப் பிறகு, “மேடம் சொல்லிட்டாங்க” என்று யார் வந்து நின்றாலும், மேடத்திடமே ஒரு வார்த்தை கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை.