லாச்சப்பலின் அவொக்கா

அவருடைய கறுப்பு அங்கி எப்போதும், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலின் மரக்கறிக் கடையொன்றின் பிளாஸ்டிக் பையில்தான் இருக்கும். மற்ற வழக்கறிஞர்கள் அதற்கென்று தைத்த உறையில் கொண்டுவருவார்கள். இவர் நீதிமன்ற வாசலில் நின்று அங்கியை உதறி எடுத்துப் போட்டுக்கொண்டு, பையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைப்பார். 2009 இலையுதிர் காலத்தில் மொழிபெயர்ப்பாளனாக அவரிடம் சேர்ந்தபோது நான் முதலில் கவனித்தது அதைத்தான். அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. வழக்கறிஞருக்கான பிரெஞ்சுச் சொல்லையே எங்கள் ஆட்கள் அவருக்குப் பெயராக்கியிருந்தார்கள். “அவொக்கா நிக்கிறாவோ?” என்று கேட்டுக்கொண்டுதான் படியேறி வருவார்கள்.

சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அவர். தகப்பனார் உணவகச் சமையலறைகளில் வேலை செய்து படிப்பித்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. வன்னியிலிருந்து தப்பி வந்தவர்கள் கையால் எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலங்களைப் பிரெஞ்சில் ஆக்குவதும், விசாரணைகளுக்குக் கூடப் போவதும் என் வேலை. நகைக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் கதிரைகள் போதாமல் சனம் படிக்கட்டிலும் உட்கார்ந்திருக்கும்.

அங்கே வந்தவர்களில் ஒரு பெண், போர் முடிந்ததும் சனத்தை அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியேறி வந்தவர். அவருடைய அகதி விண்ணப்பம் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டிருந்தது. மேன்முறையீட்டுக்காக நாங்கள் பலமுறை அவரோடு இருந்தோம். முகாம் வரைக்கும் ஒழுங்காகச் சொல்வார். அதற்குப் பிறகு எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். நான் கேள்விகளை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருநாள் அந்தப் பெண் போன பிறகு, அவொக்கா யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “நீங்கள் பிழையா மொழிபெயர்க்கேல்லை, அண்ணை. அவ உங்களுக்கு முன்னாலை சொல்லேலாமல் இருக்கிறா.” அடுத்த கிழமை எனக்குப் பதிலாக, புறநகரான சென் தெனியில் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்தார். நான் கீழே தேநீர்க் கடையில் காத்திருந்தேன். அவர்கள் கதைத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. அந்த வழக்கு வென்றது. அன்று என்ன சொல்லப்பட்டது என்று அவொக்கா எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

சில வருடங்களில் அரசியல் அவரைத் தேடி வந்தது. பிரான்சில் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பவர் தனக்கொரு பதிலாளையும் அறிவிக்க வேண்டும். வட புறநகர்த் தொகுதியொன்றில் நின்றவர், தமிழர் வாக்கையும் மனதில் வைத்திருக்கலாம், இவரைப் பதிலாளாகக் கேட்டார். அவர் வென்று, பிறகு அமைச்சராகவும் ஆனதால், அமைச்சர்கள் சபையில் அமரக்கூடாது என்ற விதிப்படி ஆசனம் அவொக்காவுக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை லாச்சப்பலில் கடைக்குக் கடை லட்டு கொடுத்தார்கள்.

அந்த மகிழ்ச்சி ஒரு சட்டமூலத்தோடு முடிந்தது. நிராகரிக்கப்பட்ட அகதிகள் மேன்முறையீடு செய்வதற்கான காலத்தைக் குறைக்க அவருடைய கட்சியே விரும்பியது. அவர் பல வாரங்கள் தாழ்வாரங்களில் நின்று வாதாடி அதில் ஒரு வரியைச் சேர்க்க வைத்தார்: பெண்கள் தங்களுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். பதிலுக்கு, சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். மேல்மாடத்தில் பார்வையாளர்களோடு அமர்ந்து நான் அதைப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது, மனதில் இருந்ததைச் சொன்னேன். இந்தச் சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் காலம் முடிந்திருக்கும் என்றேன்.

“தெரியும், அண்ணை. அவவை நினைச்சுத்தான் யோசிச்சனான். காலமும் பொம்பிளை மொழிபெயர்ப்பாளரும் ரெண்டும் தரமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். நான் ஒண்டை எடுத்தன்.”

அவர் அதற்கு மேல் தன்னை நியாயப்படுத்தவில்லை. அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல மரக்கறி வாங்க வந்தார். கடைக்காரர்கள் கேட்டதை நிறுத்துக் கொடுத்தார்கள். ஒருவரும் கதை கொடுக்கவில்லை. துண்டுப் பிரசுரங்களில் அவரைத் துரோகி என்று எழுதினார்கள். அவர் ஒன்றை வாங்கி என்னிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “தமிழ் நல்லா இருக்கு,” என்றார்.

பிறகு அமைச்சரவை மாறியது. அமைச்சர் பதவி இழந்து தன் ஆசனத்துக்குத் திரும்பினார். தேர்தலும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் அவொக்காவின் நாடாளுமன்ற வாழ்க்கை முடிந்தது. பழைய அறையை வேறொருவர் எடுத்திருந்தார். அவொக்கா நீதித்துறைக்கு விண்ணப்பித்தார். அரசியலில் இருந்த பகுதியில் உடனே நீதிபதியாக அமர முடியாது என்பது விதி. ஆகவே பாரிசிலிருந்து தொலைவான ஒரு வட நகரத்தில், குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக நியமித்தார்கள். எங்களுக்குள் தொடர்பு புதுவருட வாழ்த்தோடு நின்றுபோனது.

பல வருடங்களுக்குப் பிறகு அந்த நீதிமன்றத்திலிருந்தே எனக்கு அழைப்பு வந்தது. ஒரு தமிழ்த் தம்பதியின் பிரிவு; பிள்ளை யாரோடு இருப்பது என்பது கேள்வி. கதவு மூடிய சிறிய அறை. அவொக்காவின் தலைமுடி பாதி நரைத்திருந்தது. தொடங்குமுன், தனக்கு என்னை முன்பே தெரியும் என்பதை இரு தரப்புக்கும் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. பிறகு என்னை அவர் முன்பின் தெரியாத ஆளைப் போலவே நடத்தினார்.

கணவர் கேள்விகளுக்கு என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று அவொக்காவை நோக்கித் திரும்பினார்.

“அக்கா, உங்களுக்கு எங்கடை சனத்தைத் தெரியும்தானே. பொம்பிளை வீட்டைவிட்டுப் போனா ஊர் என்ன கதைக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.”

ஒவ்வொரு சொல்லும் அவொக்காவுக்கு விளங்கியிருக்கும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கும்படி பிரெஞ்சில் சொன்னார். நான் “அக்கா” என்பதையும் விடாமல் மொழிபெயர்த்தேன். முழுவதையும் கேட்ட பிறகு, ஊர் கதைப்பது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை, பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப் போவது யார் என்று பிரெஞ்சிலேயே கேட்டார். அதை நான் தமிழில் சொன்னேன். கணவர் மனைவி இருந்த பக்கம் பார்த்தார்.

வெளியே வந்ததும் கணவர் என்னிடம் மனம் நொந்து சொன்னார்: “தமிழ் ஆள்தானே. ஒரு சொல்லாவது தமிழிலை கதைச்சிருக்கலாம்.”

லாச்சப்பலில் இன்றும் அவரைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள். சபையில் எங்களை விட்டுக்கொடுத்தார், நீதிபதியானதும் மொழியையும் மறந்தார் என்கிறார்கள். முதலாவதைப் பற்றி எனக்கே இன்னும் முடிவில்லை. இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும், அன்று ரயில் மேடையில் அந்த மனைவி என்னிடம் வந்து சொன்னது நினைவுக்கு வரும்.

“உள்ளுக்குப் போய் அவவின்ரை முகத்தைக் கண்டவுடனை எனக்கு அப்பிடியே வெளியிலை வந்திடலாமோ எண்டு இருந்தது, அண்ணை. எங்கடை ஆள், இனிப் புத்தி சொல்லி என்னைத் திருப்பி அந்த வீட்டுக்கு அனுப்பப்போறா எண்டு நினைச்சன். அவ பிரெஞ்சிலை கேள்வி கேக்கத் தொடங்கின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.”