ஒரு பைசா மிச்சம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். அக்காவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று தம்பிகள் சொன்னதால் எழுதுகிறேன். தப்பிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா நாராயணவனத்தில் பிறந்தார்கள். அம்மா தவறியபோது அவர்களுக்குப் பதினாறு வயது. அடுத்தவள் நான். எனக்குப் பின் தம்பிகள் இருவர். நைனா திருப்பதியில் மூட்டை தூக்கி, வாரம் ஒருமுறை வந்து பணம் கொடுத்துவிட்டுப் போவார்.

அக்கா எங்களைத்தான் சந்தைக்கு அனுப்புவார்கள். போகும்முன் கரித்துண்டால் தரையில் கணக்குப் போட வேண்டும். "இந்த வாரம் எண்ணெ கூட வாங்கணும். எத கொறைக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்பார்கள். பெரிய தம்பி வாராவாரம் கத்தரிக்காயைக் குறைப்பான். சின்னவன் வெல்ல மிட்டாயைக் கூட்டுவான். பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் சொல்லி எனக்கு ஏறாத கணக்கெல்லாம் அந்தத் தரையில்தான் ஏறியது.

ஆந்திராவா தமிழ்நாடா, எல்லை எந்தப் பக்கம் விழும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். திருத்தணியிலிருந்து பெரியப்பா வந்தார். "கல்யாணம் ஆவாத பொண்ணு மூணு பசங்கள வெச்சிக்கினு இன்னா குடும்பம் பண்ணுவ? பசங்க ரெண்டு பேரும் எங்கூட வரட்டும். இவ திருப்பதில அத்த வூட்ல இருக்கட்டும்" என்றார்.

அக்கா அழவில்லை. "இன்னிக்கு சந்தைக்கு இவங்களே போவட்டும் பெரிப்பா. கணக்கு தப்பா வந்தா இட்டுக்கினு போங்க" என்றார்கள்.

அணா போய் நயா பைசா வந்த புதிது; சந்தையில் விலை மட்டும் இன்னும் அணாவில்தான் சொல்வார்கள். சாமான்களோடு திரும்பினோம். பெரியப்பா ஒவ்வொன்றாய் விலை கேட்டு, மீதியை எண்ணினார். ஒரு பைசா அதிகம் இருந்தது.

"கீர நாலு கட்டு, கட்டு ஓரணா. நாலணாக்கு இருவத்தஞ்சு நயா பைசா. இருவத்தி நாலுதான் குடுத்துக்கீற. கணக்கு தப்புதானே?"

தம்பிகள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டார்கள். வெளி ஆள் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று திறந்தேன்.

"தப்பு இல்ல பெரிப்பா. ஓரணாக்கு ஆறேகா பைசா. கா பைசா கெடையாதுன்னு ஆறுதான் வாங்குவாங்க. ஒவ்வொரு கட்டா நாலு தரம் போய் வாங்கினேன். ஒரு பைசா மிச்சம்."

"கீரக்காரம்மா ஒண்ணும் சொல்லல?"

"மூணாவது தரம் போனப்போ, 'ஏம்மே, சந்தையச் சுத்திக்கினே கீற, வூட்டுக்கு வழி தெரியலயா'ன்னு கேட்டாங்க."

பெரியப்பா சிரித்துவிட்டார். "இதுங்களப் பிரிச்சா பாவம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். அக்கா அப்போதுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். "அது அந்தம்மா காசு. வர்ற சந்தையில குடுத்துடு" என்றார்கள். கொடுத்தேன்.

பிறகு திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம், நாலு பேரும் ஒரே ஊரில். என் கல்யாணத்தை முடித்த பிறகே அக்கா தான் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கடைசியில் அக்கா திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து கண் மூடினார்கள். வலி இல்லை. நாங்கள் மூவரும் பக்கத்தில் இருந்தோம். அந்த நிம்மதி எங்களுக்குப் போதும்.

இராப்பகலாய்ப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், மூன்று நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்த பெரியப்பா பிள்ளைகளுக்கும் எங்கள் கும்பிடு. காரியத்துச் சாமான்களை அக்காவின் பேரப்பிள்ளைகளே சீட்டெழுதி வாங்கி வந்தார்கள். பசுவுக்கு அகத்திக்கீரை நாலு கட்டு. ஒரே தடவையில் வாங்கச் சொன்னேன்.