வெயிலில் காட்டிப் பார்த்த துப்பாக்கி

ஆரணியில் பட்டுப் புடவை எடுக்க வருகிறவர்கள் டியூப்லைட் வெளிச்சத்தை நம்புவதில்லை. பிடித்த புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள். வெயிலில் விரித்து, முந்தானையைத் திருப்பி, பின்பக்கம் நூல் தொங்குகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் விலை பேச உட்காருவார்கள். விற்கிற நானும் அப்படித்தான். தறிக்காரர்கள் நெய்து கொண்டுவரும் ஒவ்வொரு புடவையையும் முப்பது வருடமாக வாசல் வெயிலில் பார்த்துத்தான் வாங்குகிறேன். இந்தப் பழக்கம் உள்ளவன் துப்பாக்கி வாங்கப் போகக் கூடாது. நான் போனேன்.

உனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டாள்.

எல்லாம் ஓர் ஆடிக் கிருத்திகையில் ஆரம்பித்தது. வருடா வருடம் காவடி எடுக்கிறவன் நான். அந்த வருடமும் மலை ஏறி, காவடியை இறக்கி, கண் நிறைய முருகனைப் பார்த்துவிட்டு, தண்டு அழுத்திச் சிவந்துபோன தோளோடு இறங்கி வந்தேன். அடிவாரத்தில் பலூன் சுடுகிற கடை ஒன்று இருந்தது. என் துண்டையும் பிரசாதத்தையும் வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, சும்மா ஒரு ஆசைக்குத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டேன். பத்துக்குப் பத்து பலூனும் உடைந்தது. கடைக்காரர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவைப் பரிசாகக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள்.

தட்டாமல் இருந்திருக்கலாம். காவடி எடுத்தவனுக்கு முருகனே குறி கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கையில் வேல் வைத்திருக்கிற சாமி வேறு எதைக் கொடுப்பார்? அந்த சோப்பு டப்பாவைப் பூஜை அறையில் வைத்துக் கற்பூரம் போட்டு வைத்தேன். இன்றைக்கும் அதில்தான் கற்பூரம் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகிற தூரத்தில் உள்ள ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். காகிதத்தில் வட்டம் வரைந்து ஐம்பது மீட்டர் தள்ளி வைத்திருப்பார்கள். பாயில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். எந்த உயிருக்கும் சேதம் இல்லை என்பதால் என் மனசும் ஒத்துக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நாங்கள் அவரைக் கோச் சார் என்போம்.

முதல் நாள் அவர் கேட்டார், "எந்தக் கண்ணுல குறி பாப்பீங்க?"

"வலது கண்ணுதாங்க."

"ஒரு டெஸ்ட் வெச்சிப் பாத்துடலாமா?"

"அதெல்லாம் இன்னாத்துக்குங்க? வலதுதான்."

எந்தக் கையால் சாப்பிடுவீர்கள் என்று கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. விபூதி வாங்குவது வலது கை. புது வீட்டில் எடுத்து வைப்பது வலது கால். நல்ல காரியத்தில் இடதுக்கு என்ன வேலை? ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் எனக்குத் தெரிந்த விஷயம் என்றால் டாக்டர் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

கிளப்பில் இருந்தது போல்ட் வைத்த துப்பாக்கி. வலது பக்கம் ஒரு கைப்பிடி துருத்திக்கொண்டு இருக்கும். பூஜை அறைத் தாழ்ப்பாளைப் போல அதைத் தூக்கி, பின்னால் இழுத்து, ஒரு தோட்டாவை வைத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இதே வேலை. அவசரப்பட முடியாது. இடது கண்ணை மூடி, மூச்சை நிறுத்தி, விசையில் விரலை வைக்கும்போது மனசில் ஒன்றுமே இருக்காது. பட்டு விலை, கல்யாண சீசன், தறிக்கு ஆள் வராதது, ஒன்றும் இருக்காது. சந்நிதியில் திரை விலகுகிற அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும்தான் என் மனசு அப்படி நிற்கும். இரண்டாவதாக அது நின்ற இடம் இந்தக் கோரைப் பாய்தான்.

மனசு நின்றதே தவிர, தோட்டா நிற்கவில்லை. என் காகிதத்தைப் பார்த்தால் பொரி இறைத்த மாதிரி இருக்கும். நடு வட்டம் மட்டும் புதுசு போல இருக்கும்.

"கை ஆடல, மூச்சும் நல்லாத்தான் நிக்குது," என்பார் கோச் சார். "ஆனா எங்கியோ போவுது சார்."

நான் கிளப் துப்பாக்கியைக் குறை சொன்னேன். பத்துப் பேர் கை பட்ட தறியில் கரை நேராக வராது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சொந்தமாக ஒன்று இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று லைசென்சுக்கு எழுதிப் போட்டேன்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தார். வாசலில் அதற்குள் தெருவே கூடிவிட்டது.

"எதுக்குங்க உங்களுக்குத் துப்பாக்கி?"

"பேப்பர் சுடறதுக்குங்க."

"பேப்பரையா?"

"வட்டம் போட்ட பேப்பருங்க."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "விரோதி கிரோதி யாராச்சும் இருக்காங்களா?"

உள்ளேயிருந்து வீட்டுக்காரி பதில் சொன்னாள். "இவருக்கா? கொசுவத்தி கொளுத்தறதுக்கே பாவ புண்ணியம் பாப்பாரு சார். தைரியமா எழுதிக்குங்க."

லைசென்ஸ் வருவதற்குள் கிருத்திகை பல வந்து போயின. ஒரே ஒரு துப்பாக்கி வாங்கலாம். அதன் எண்ணை லைசென்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிட்டால் அவ்வளவுதான். மாற்ற வேண்டுமென்றால் மறுபடி முதலில் இருந்து மனு எழுதி நடக்க வேண்டும். எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை. இதற்கிடையில் கோச் சார் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க சார். பாய் கம்மியா இருக்குது, காத்துகினு நெறைய பேர் இருக்காங்க. புது துப்பாக்கியிலயும் இப்டியே இருந்துச்சுன்னா, நீங்க வந்து பாத்துட்டுப் போற மெம்பரா இருந்துக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சரியான துப்பாக்கியை எடுத்தால் அந்தப் பாயில் எனக்கு இடம் உண்டு. தப்பாக எடுத்தால் இல்லை. அம்பத்திரண்டு வயசில் ஒருவன் கோரைப் பாய்க்காகக் கண் கலங்கினான் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நாள் பார்த்து, ராகு காலம் கழித்து, சென்னைக்குப் போனேன். வீட்டுக்காரியும் கூட வந்தாள். "இதெல்லாம் உனக்கு ஒன்னியும் தெரியாது," என்றேன். "நான் கோயிலுக்கு வரேன். போற வழியில உங்க கடை இருந்தா நான் இன்னா பண்றது?" என்றாள்.

துப்பாக்கிக் கடைக்காரர் வயசானவர், பொறுமையானவர். மூன்று எடுத்து மேசையில் வைத்தார். முதலாவதைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். கரும்பழுப்புக் கட்டை. அதில் ஓடிய ரேகை, நல்ல தறிக்காரன் ஆசையாய் நெய்த முந்தானையைப் போல நெளிந்து நெளிந்து போனது. இரண்டாவது எடையே இல்லாமல் இருந்தது. கனம் இல்லாத பட்டு, பட்டா? மூன்றாவது வெளுத்துப்போன கட்டை, கரை இல்லாத புடவை மாதிரி. அதன் போல்ட் கைப்பிடி இடது பக்கம் இருந்தது.

"இது இடது கைக்காரங்களுக்கு," என்றார். "ஒருத்தர் சொல்லி வெச்சாரு, வரல. ரெண்டு வருஷமா இங்கியே கெடக்குது. சும்மா பாப்பீங்கன்னு வெச்சேன்."

"மொத மொதல்ல வாங்கறது இடது கையாங்க?" என்று அதை ஓரமாகத் தள்ளினேன். என்னவோ தீட்டுப் பட்ட மாதிரி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன் என்று பிற்பாடு வீட்டுக்காரி சொன்னாள். நான் மறுக்கவில்லை.

முதலில் பார்த்த அழகியை எடுத்தேன். கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தேன். மூக்கருகில் கொண்டுபோனேன்.

"இன்னா சார் மோந்து பாக்கறீங்க?"

"சாயம் பாத்தேங்க."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், என் கால் தானாக நடந்தது. முப்பது வருடப் பழக்கம். துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசல் தாண்டி, நடைபாதையில் இறங்கி, வெயிலில் நின்றேன். நிறம் பார்க்க இப்படியும் அப்படியும் திருப்பினேன். எதிர் டீக்கடையில் ஒருவர் கிளாஸோடு பெஞ்சுக்குப் பின்னால் குந்திவிட்டார். வந்துகொண்டிருந்த ஆட்டோ நின்றது, பிறகு அப்படியே பின்னால் போனது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "உள்ள பாத்ததுக்கு ஒரு மாத்து கொறைவுதான், ஆனா கலர் நல்லாத்தான் கீது," என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

கடைக்காரர் ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தார். கடைப் பையன் எதிர்ப் பக்கம் போய்க் கும்பிட்டு ஏதேதோ சொல்லி வந்தான்.

வீட்டுக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "போலீஸ் வந்திருந்தா, ஆரணியிலேர்ந்து வந்திருக்காரு, கலர் பாக்கறாருன்னு நானாங்க சொல்லணும்?"

கடைக்காரர் மூச்சு வாங்கத் தண்ணீர் குடித்தார். "சார், இதுக்கு வெயிலு வேணாம். தோளு தான் வேணும். தோள்ல வெச்சிப் பாருங்க."

வலது தோளில் வைத்தேன்.

"ஏங்க, இன்னா அந்தப் பக்கம் வெக்கறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"பின்ன எந்தப் பக்கம் வெப்பாங்க?"

"பலூன் சுட்டப்ப இந்தப் பக்கம்தானே வெச்சீங்க." என் இடது தோளைத் தொட்டாள். "அந்த வருஷம் வேண்டுதல்னு தோளு மாத்தாமயே ஏறினீங்க. வலது தோளு காவடி அழுத்தி வீங்கிக் கெடந்துது. தொட்டாலே எரியுதுன்னீங்க. துண்டு கூட போட முடியல, அதான என் கையில குடுத்தீங்க?"

எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. அப்புறம் எல்லாமே ஞாபகம் வந்தது.

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"கிளப்புல நீங்க எப்டி வெச்சி சுடறீங்கன்னு நான் கண்டனா? பொம்பளைங்களுக்கு அங்க இன்னா வேலைன்னு ஒரு நாளாச்சும் கூட்டிகினு போனீங்களா?"

கடைக்காரருக்கு இப்போது வேடிக்கை பிடித்துவிட்டது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியே இரண்டு கண்ணாலும் எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொன்னார். சுவரில் முருகன் காலண்டர். ஓட்டைக்குள் முருகன் வேலோடு நின்றார்.

"இப்ப இடது கண்ண மூடுங்க."

மூடினேன். முருகன் இல்லை. வெறும் சுண்ணாம்புச் சுவர். திறந்தேன், வந்துவிட்டார். வலது கண்ணை மூடினேன், அப்படியே நின்றார். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் என் வலது கண்ணுக்கு அவர் தரிசனம் கொடுக்கவில்லை.

"இன்னா தொழில் சார் உங்களுக்கு?"

சொன்னேன். சொல்லும்போதே புரிந்தது. புடவையில் இழை எண்ண ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. வலது கையில் ஊசி இருக்கும், இழையை ஒவ்வொன்றாகத் தள்ள. கண்ணாடி இடது கையில், இடது கண்ணில். முப்பது வருடமாக வலது கண்ணை மூடிக்கொண்டுதான் எனக்குச் சோறு. அந்தக் கண்ணைத் திறந்து வைத்து, சோறு போட்ட கண்ணை மூடி, கிளப் துப்பாக்கி சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதும் எனக்கு மனசு வரவில்லை. "வலது தோள்லயே வெச்சிகினு இடது கண்ணால பாக்க முடியாதுங்களா?"

"பாக்கலாம் சார். கழுத்து ஒரு முழம் நீளமா இருந்தா."

அழகியை ஒரு தரம் தடவினேன். வெளுத்ததைப் பார்த்தேன். வீட்டுக்காரி எழுந்து என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "சாமி குடுத்தாரு, சாமி குடுத்தாருன்னு டப்பாவ வெச்சிக் கும்புடறீங்களே. அவரு எந்தப் பக்கத்துக்குக் குடுத்தாரு?"

அழகியைக் கடைக்காரர் பக்கம் தள்ளி வைத்தேன். வெளுத்ததன் எண்ணைத்தான் புத்தகத்தில் ஏற்றச் சொன்னேன். கடைக்காரர் நீட்டியபோது, என்ன இருந்தாலும் வலது கையால் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகுதான் இடது தோளுக்கு மாற்றினேன். அவர் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியும் கிளப்புக்கு வந்தாள். இடது பக்கம் போல்ட்டைப் பார்த்ததும் கோச் சார், "மொத நாளே கேட்டேனே சார்," என்றார். படுத்தேன். இடது கையால் தாழ்ப்பாளைத் திறந்து மூட விரல் தடுமாறியது. ஆனால் வட்டம், முதல் முறையாக, கலங்காமல் எதிரில் வந்து நின்றது. பத்துத் தோட்டாவில் ஏழு கறுப்பு வட்டத்துக்குள் ஒட்டி ஒட்டி விழுந்தன. இரண்டு வெளியே. ஒன்று, சந்தோஷத்தில், பக்கத்துப் பாய்க்காரரின் காகிதத்தில். அவர் எழுந்து வந்து எனக்கு நன்றி சொன்னார். அவர் சுட்டதில் அதுதான் நல்லதாம்.

கோச் சார் என் காகிதத்தைக் கழற்றி, ஓட்டைகளை விரலால் எண்ணினார். "பாய் உங்களுதுதான் சார்," என்றார்.

இந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடியை எடுக்கும்போது ஒரு யோசனை வந்தது. மலை ஏறும்போது தோள் மாற்றுவது வழக்கம். இடது தோள் வீங்கினால் ஞாயிற்றுக்கிழமை சுட முடியாது. பாதி மலையில் வலது தோளிலேயே வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

"ஏங்க, தோளு மாத்தலையா?" என்றாள் பின்னால் வந்த வீட்டுக்காரி.

நான் நடையை எட்டிப் போட்டேன். இரண்டு படி ஏறியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சாமிக்கு ஒரு தோளு, பேப்பருக்கு ஒரு தோளா?"

அங்கேயே நின்றேன். முருகா என்று சொல்லிக் காவடியை இடது தோளுக்கு மாற்றினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளப்புக்குப் போய் வேடிக்கைதான் பார்த்தேன். என் பாயில் அன்றைக்குப் பக்கத்துப் பாய்க்காரரின் அண்ணன் படுத்துச் சுட்டார். அவரும் இடது கண்ணை மூடிக்கொண்டு, பொரியாக இறைத்துக்கொண்டிருந்தார். எழுந்ததும், இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன்.